கரையாத ஐஸ்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐஸைக் கரையவிடக் கூடாது என்று அந்த மனுஷனைச் சந்தையில் நாலு பேர் பார்க்கத் திட்டியவள் நான்தான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்று ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது. அதனால் அவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எனக்கு வாய் ஜாஸ்தி. மணலூர்பேட்டைக்காரி. கல்வராயன் மலையில் நர்ஸ் வேலை என்று ஆர்டர் வந்தபோது வீட்டில் எல்லோரும் அழுதார்கள். எங்கள் அம்மா மட்டும், இவள் சத்தத்துக்கு மலைதான் லாயக்கு என்றாள். வெள்ளிமலைப் பக்கம் அப்போது கரண்ட் கிடையாது. ஓடு போட்ட ஒரு அறை, அதற்குப் பின்னால் நான் சமைத்துத் தூங்க இன்னொரு அறை, அதுதான் ஆஸ்பத்திரி. போன முதல் மாசமே ஒரு சட்டம் போட்டுவிட்டேன். எதையும் ஒரு தபாதான் சொல்வேன். ரெண்டாம் தபா கேட்டால், காது இன்னாத்துக்கு இருக்குது என்று கேட்பேன். எனக்குப் பின்னால் என் குரலிலேயே அதைப் பேசிக்காட்டி ஊரே சிரித்தது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அவரை எல்லோரும் ஐஸ்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மலையிலேயே பிறந்தவர். இளவட்டத்தில் கடுக்காய் மூட்டை சுமந்து கீழே இறங்கியவர், உளுந்தூர்பேட்டை ஐஸ் கம்பெனியில் மீன் லாரிகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலைக்குச் சேர்ந்து, பத்துப் பன்னிரண்டு வருஷம் அங்கேயே இருந்துவிட்டார். பெண்சாதி செத்தபின் மகளை வளர்க்க மலைக்குத் திரும்பினார். ஒல்லியான ஆள். விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருக்கும். எந்தக் கோடையிலும் அந்தக் கை ஜில்லென்றுதான் இருக்கும். பிள்ளைகளின் கன்னத்தைத் தொட்டால் துள்ளி ஓடுவார்கள்.

வழியில் எதுவும் குறைந்துபோவதை அவரால் தாங்க முடியாது. அதுதான் அவர். எவளாவது குடத்துத் தண்ணீரைத் தளும்பவிட்டுக்கொண்டு போனால் குடத்தை வாங்கித் தானே தூக்கிக்கொண்டு நடப்பார். டீயை ஆறவிட மாட்டார், கொதிக்கக் கொதிக்க வாயில் ஊற்றிக்கொள்வார். மகளுக்குக் கூழ் கொண்டுபோனால் சட்டியைச் சாக்கில் சுற்றி, அதன்மேல் துண்டைச் சுற்றி, குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு போவார். பெட்டியைத் திறந்ததும் ஐஸை விற்கிறாரோ இல்லையோ, விரலை வைத்து அளப்பார். 'நாலு விரக்கடை போச்சு' என்பார். செத்துப்போனவனைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும் அந்தக் குரல்.

மலையே ஜில்லென்று கிடக்கிறது, இங்கே ஐஸ் யாருக்கு என்றுதான் முதலில் எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏற்றி, கள்ளக்குறிச்சியில் மாற்றி, கச்சிராயபாளையத்தில் இறக்கி, ஜீப் கிடைத்தால் ஜீப்பில், கிடைக்காவிட்டால் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறி வருவார். முதல் தபா சந்தையில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஈர மரத்தூளைத் தவிர ஒன்றுமில்லை. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் அந்தத் தூளைக் கையில் எடுத்துப் பிழிந்து பார்த்தார், முகர்ந்து பார்த்தார், துண்டில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த வாரமும் அதே கதை. மரத்தூளை விட்டு உமியைப் போட்டார், கம்பளியைச் சுற்றினார், வாழைப்பட்டையை அடுக்கினார். கடைசியில் பெட்டிக்குள் பெட்டி செய்து நடுவில் உமியை இடித்து அடைத்தார். அந்த வாரம் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு கட்டி வந்து சேர்ந்தது. அதைப் பிட்டுப் பிட்டுச் சும்மாவே கொடுத்தார். ஒரு கிழவர் வாயில் போட்டுவிட்டு, நெருப்பு நெருப்பு என்று துப்பினார். அதற்கும் அவர் கோபப்படவில்லை. ரெண்டு மாசம் சும்மாவே கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மாசம் ஜனங்கள் தாமாகவே நன்னாரி சர்பத் கேட்டுச் சந்தையில் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

அத்தோடு விட்டாரா? வடக்கே மிஷின் வராத காலத்தில் அகலத் தட்டில் தண்ணீர் வைத்து வைக்கோல்மேல் பரப்பிவிட்டால் விடியும்போது ஐஸாகிவிடும், அதை வெட்டிச் சேர்த்தே வியாபாரம் செய்தார்கள் என்று பட்டாளத்திலிருந்து வந்த ஒருவர் அவரிடம் சொல்லிவிட்டார். போதாதா? அந்த மார்கழியும் தையும் மண்தட்டாக வாங்கிச் சரிவில் பரப்பினார். காலையில் நாங்களெல்லாம் வேடிக்கை பார்க்கப் போவோம். தட்டு நிறையக் குளிர்ந்த தண்ணீர்தான் இருக்கும், மேலே ரெண்டு தும்பு வைக்கோல் மிதக்கும். ஒரே ஒரு நாள் ஒரு தட்டில் வெங்காயத் தோல் மாதிரி ஒரு ஏடு படிந்திருந்தது. அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். வந்து கையை விரிப்பதற்குள் அது தண்ணீராகிவிட்டது. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. காலியான கையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். தோற்றவன் பார்வை இல்லை அது. அன்றைக்கே நான் பயந்திருக்க வேண்டும்.

என் கதை அவர் பெட்டிக்குள் போனது அதற்கப்புறம்தான். தடுப்பு மருந்தெல்லாம் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். அடிவாரத்து ஆஸ்பத்திரியில் ஃப்ரிட்ஜ் உண்டு. என்னிடம் ஒரு ஃபிளாஸ்க் இருந்தது, அதுவும் உடைந்துபோனது. ஐஸ்காரர் சந்தைக்கு வரும்போது மருந்தையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவரட்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். எனக்குப் பயிற்சியில் ஏறியது ஒன்றுதான், சூடு பட்டால் மருந்து செத்துவிடும். போலியோ சொட்டு மருந்து உறைந்து கட்டியானாலும் பரவாயில்லை என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எல்லா மருந்துக்கும் அப்படித்தான் என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்பது என் பழக்கம் இல்லை.

ஒரு வாரம் வழியில் ஜீப் நின்றுவிட்டது. வந்து பெட்டியைத் திறந்தால் மருந்து டப்பா வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கிறது. எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம். சந்தை நடுவில் நின்று கத்தினேன்.

"எத்தினி புள்ளைங்க உசுரு ஒங்க பொட்டிக்குள்ள இருக்குதுன்னு தெரியுமா? தண்ணியா கொண்டாந்து நிக்கிறீங்களே!"

என்னைவிட இருபது வயசு மூத்தவர். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "இனிமே கரையாது நர்ஸம்மா" என்றார். அதை என்னிடம் சொன்னமாதிரி இல்லை, பெட்டியிடம் சொன்னமாதிரி இருந்தது.

அடுத்த தபா அவர் வந்து உமியைத் தள்ளியபோது சந்தையே சுற்றிக் கூடிவிட்டது. ஒரு முழப் பாளம், கண்ணாடி மாதிரி. அதற்கு நடு மையத்தில் மருந்து டப்பா, பழத்துக்குள் கொட்டை மாதிரி. முந்தின நாளே அடிவாரத்து ஆஸ்பத்திரியில் டப்பாவை வாங்கி, உளுந்தூர்பேட்டைக்குக் கொண்டுபோய், தண்ணீர் ஊற்றிய தகரக் கேனுக்குள் கயிற்றில் தொங்கவிட்டு, டப்பாவைச் சுற்றியே பாளத்தை உறையவைத்துக் கொண்டுவந்திருந்தார். இனி வெளியே நாலு விரக்கடை கரைந்தால் என்ன, ஆறு விரக்கடை கரைந்தால் என்ன? மரச்சுத்தியால் தட்டி உடைத்து டப்பாவை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். உள்ளே ரெண்டு பாட்டில் விரிசல் விட்டிருந்தது. சுத்தி பட்டுவிட்டது என்று நினைத்தோம். மற்றதில் மருந்து கல்லாக இருந்தது. உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டி இளக்கினேன். இளகியபின் மாவு மாதிரி ஏதோ அடியில் போய் உட்கார்ந்தது. குலுக்கிக்கொண்டேன். ஜனங்கள் முன்னால் திட்டினவள் ஜனங்கள் முன்னாலேயே பாராட்ட வேண்டும் இல்லையா? பாராட்டினேன். இந்த மலைக்கு நீங்கதான் பெரிய டாக்டர் என்றேன்.

கர்ப்பிணிகளுக்குப் போடும் ரணஜன்னி ஊசி, டெட்டனஸ் ஊசி அது; தாய்க்குப் போட்டால் பிறக்கும் பிள்ளைக்கும் காவல். ஊசி போட்டால் கருப்பை மூடிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது, அதனால் ஒருத்தியும் வரவில்லை. ஐஸ்காரர் விடுவிடுவென்று போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஐந்து மாசம் அவளுக்கு, தலைப்பிள்ளை. முதல் ஊசி என் மவளுக்குப் போடுங்க என்றார். அவள் பயந்துகொண்டே சிரித்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டதும், ஊசியைவிட ஒன் கைதாம்பா ஜில்லுன்னு கொல்லுது என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக இன்னும் நாலு பேர் கையை நீட்டினார்கள். ஒரு மாசம் கழித்து ரெண்டாவது ஊசி. அதுவும் பாளத்துக்குள் வந்ததுதான்.

அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஐஸ்காரர் சந்தை முழுக்கச் சர்பத் கொடுத்தார்.

எட்டாம் நாள் உச்சி வெயிலில் என் வாசலில் வந்து நின்றார். தலையில் பெட்டி இல்லை. பெட்டி இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை, அதனால் முதலில் யாரோ என்று நினைத்தேன். காலையிலிருந்து பிள்ளை பால் குடிக்கவில்லை என்றார். ஓடினேன். வாய் இறுகிக் கிடந்தது. தொட்டால் உடம்பு வில்லாக வளைந்தது. அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. தூளி கட்டிக் கீழே தூக்கிக்கொண்டு இறங்கினோம். அடிவாரத்துக் கோமுகி அணை கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே முடிந்துபோனது. அவர்தான் கையில் வாங்கிக்கொண்டு திரும்ப மலை ஏறினார். கூழ்ச்சட்டியைப் பிடிப்பதுபோலவே பிடித்திருந்தார், துணியைச் சுற்றி, அதன்மேல் துண்டைச் சுற்றி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சாவு வீட்டில் நின்று மருத்துவச்சியைத் திட்டினேன். நான் கொடுத்த பிளேடு இருக்கும்போது தொப்புள்கொடியை அரிவாளால் அறுத்தது யார் என்று கேட்டேன். அந்தப் பொம்பளை தலையிலடித்துக்கொண்டு அழுதாள். ஊசி ரெண்டும் போட்டும் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்டவர் அவர் ஒருத்தர்தான். மூன்று நாள் கழித்து வந்து, தாம் கணக்குப்போட்டுப் பார்த்ததைச் சொன்னார். கச்சிராயபாளையத்தில் ஜீப்புக்காக வெயிலில் ஒரு மணி நேரம் நின்றாராம். அங்கேதான் மருந்துக்குச் சூடு பட்டிருக்கும். இனிமேல் ரெண்டு ராத்திரி கேனிலேயே விட்டு, பாளத்தை இன்னும் பெரிசாக்கி, இரும்பு மாதிரிக் கொண்டுவருகிறேன் என்றார். மத்த நாலு பொண்ணுங்களுக்காவது ஒண்ணும் ஆவக் கூடாது நர்ஸம்மா என்றார். அந்த மண்தட்டுக் காலையில் பார்த்த அதே பார்வை.

அந்த வாரமே பிள்ளை செத்ததை விசாரிக்க அடிவாரத்து ஆஸ்பத்திரி டாக்டரம்மா மேலே வந்தார். சாந்தமான பொம்பளை. மீதியிருந்த பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார், குலுக்கினார், பெஞ்சின்மேல் வைத்தார். திப்பி திப்பியாக அடியில் இறங்கி, மேலே தெளிந்த தண்ணீர் நின்றது. இது எப்பவாவது உறைஞ்சுதா என்று கேட்டார். நான் பெருமையாகவே பாளத்தின் கதையைச் சொன்னேன். பாதியிலேயே அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டேன். போலியோ மருந்து வேற, இது வேற என்றார். இது குளுந்து இருக்கணும், உறையக் கூடாது. உறைஞ்சுதுன்னா அப்புறம் இது வெறும் தண்ணிதான்.

மற்ற நாலு பேர் உடம்பிலும் வெறும் தண்ணீர்தான் ஏறியிருந்தது. ஒருத்திக்கு ஏழு மாசம் நடந்துகொண்டிருந்தது. திரும்ப முதலிலிருந்து ரெண்டு ஊசி, ஒரு மாச இடைவெளியில், அதுவும் பிரசவத்துக்குமுன் போட்டாக வேண்டும். ஒரு வாரம் தள்ளினாலும் நேரம் போதாது. அந்த மருந்தைக் கொண்டுவர மலையில் வேறு ஆளும் இல்லை, வேறு பெட்டியும் இல்லை.

ஆர்டர் மாறிவிட்டது, இனி உறையவைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அவர் ஏன் என்று கேட்கிற ஆள். மறுநாள் சந்தையில் பாளத்தோடு நின்றவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒரு தபாதான் சொன்னேன், அதற்குமேல் என்னால் முடிந்திருக்காது.

"அது கரைஞ்சதால இல்லீங்க. கரையாததால."

தப்பு என்னுடையது, உங்களுடையது இல்லை என்றும் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. பெட்டியண்டை போனார். மூடியைக் கழற்றித் தூர வைத்தார். உமியை ரெண்டு கையாலும் வாரி வெளியே போட்டார். பெட்டியை நிழலிலிருந்து இழுத்து வெயிலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்திக்கொண்டார். ஒரு பொட்டு வெயில்கூட அதன்மேல் விழவிடாத மனுஷன். சர்பத் கேட்டு வந்தவர்கள் கேட்காமலே திரும்பிப் போனார்கள். மாடுகள் வீடு திரும்பும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. நானும் பக்கத்திலேயே நின்றேன். கடைசித் துண்டும் தண்ணீரானபின் தலையைத் தூக்கி, "எவ்ளோ கரையணும்?" என்று கேட்டார்.

டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னேன். ஐஸைத் தகரக் கேனிலேயே வைத்து உலுக்கினால் உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் கேட்க வேண்டும், அப்படியானால் மருந்து உறையாது. மருந்து ஐஸைத் தொடக் கூடாது, துணி சுற்றித் தள்ளி வைக்க வேண்டும்.

அடுத்த வாரம் அவரோடு மலை ஏறி வந்தவர்கள் அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டியை இறக்கி, உலுக்கி, காதை வைத்துக் கேட்டாராம். சத்தம் கேட்காவிட்டால் மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். மருந்து வந்தது. பால் மாதிரி ஒரே சீராக இருந்தது. ஆனால் நாலு பேரில் ஒருத்தியும் வரவில்லை. கொண்டுவந்தவரின் சொந்தப் பேரனையே காப்பாற்றாத ஊசியை ஏன் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்கள். நியாயம்தானே? வீடு வீடாகப் போய்க் கத்தினேன், கெஞ்சினேன். என் வாய் ஒன்றுக்கும் உதவவில்லை.

அவர் பெட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். திரும்பும்போது மகள் கூட வந்தாள். மாராப்பில் பால் கசிந்து நனைந்திருந்தது, அவளுக்கு இன்னும் வற்றவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்க அவளை ஸ்டூலில் உட்காரவைத்தார்.

"வயித்துல ஒண்ணும் இல்லியேப்பா. எனக்கு இன்னாத்துக்கு?" என்றாள்.

அவர் மகளின் ரவிக்கைக் கையைத் தாமே மேலே ஏற்றிவிட்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஊசியைப் பார்த்துக்கொண்டே போட்டேன். கை ஜில்லென்று இருக்கிறதென்று அவள் அன்றைக்குச் சொல்லவில்லை. அவள் எழுந்ததும் அந்த ஏழு மாசக்காரி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். பின்னால் மற்ற மூன்று பேரும் வந்தார்கள்.

அதற்கப்புறம் அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் எட்டாம் நாள் அந்த வீட்டுக்கு எதிரே போய் நின்றுவிடுவார். உள்ளே வர மாட்டார், வாய் திறந்து கேட்கவும் மாட்டார். குழந்தை அழும் சத்தம் கேட்கும்வரை நிற்பார். கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். ஒரு வீட்டில் பிள்ளை அசந்து தூங்கிவிட்டது. காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றார். எமன் நிற்கிற மாதிரி இருக்குது நர்ஸம்மா, வர வேணாம்னு சொல்லுங்க என்று அந்தத் தாய் என்னிடம் வந்து அழுதாள். பிள்ளையைக் கொஞ்சம் கிள்ளிவிடு, போய்விடுவார் என்றேன். வேறென்ன சொல்ல? காரணம் தெரிந்தவர்கள் மலையில் நாங்கள் ரெண்டு பேர்தான். மகளிடம் அவரும் சொல்லவில்லை, இன்றுவரை நானும் சொல்லவில்லை.

ஒரு வீட்டிலும் பிள்ளையின் அழுகை நிற்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

ரெண்டு வருஷம் கழித்து மகளுக்கு மறுபடியும் பிறந்தது, பெண் பிள்ளை. எட்டாம் நாள் அவர் அங்கே போய் நிற்பார் என்று நினைத்து நானும் கிளம்பினேன். அந்த வீட்டுக்கு எதிரே ஆளைக் காணோம். கீழே பாதைத் திருப்பத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். சந்தை நாளும் இல்லை, பெட்டியில் ஐஸும் இல்லை.

"என்னால ஆவாது. நீங்க போயி கேட்டுக்கினு வாங்க" என்றார்.

போனேன். வாசலுக்கு இருபதடி முன்னாலேயே கேட்டுவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தேன், வாயில் விரலை வைத்துப் பார்த்தேன், என் விரலைச் சப்பி இழுத்தது. திரும்பி ஓடிவந்தேன். அந்த இறக்கத்தில் அப்படி ஓடியிருக்கக் கூடாது. புள்ள கத்துதுங்க, காது கிழியுது, பாலுக்குக் கத்துது என்றேன்.

அவர் துண்டை உதறவில்லை. பெட்டியின்மேல் காதை வைத்தபடியே கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தபா சொல்லுங்க" என்றார்.

நான் இன்னொரு தபா சொன்னேன்.